பச்சைத் தண்ணீரும் குடியாத வெள்ளிக்கிழமை

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கச்சி பெற்றது. ஐந்தும் படித்து நல்லாக இருக்கின்றன. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து வைப்பேன், பஸ் நம்பர் வாசிப்பேன், அதற்கு மேல் பேனாவோடு எனக்குப் பழக்கமில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகளின் மகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குவதும் அவள்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வீண்போகவில்லை.

லண்டனில், இந்த ஹவுன்ஸ்லோவில் எங்கள் சனம் யாராவது ஜப்பானுக்குப் போவதென்றால் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். மலிவான ஹோட்டலில் தங்குவதா, அந்த நாட்டுப் பழைய முறை விடுதியில் தங்குவதா? இரண்டிலும் தங்கிப் பார்த்தவள் நான் என்று பெயர் எடுத்துவிட்டேன். இத்தனை வருடமும் நான் சொன்னது அரைப் பதில்தான். முழுப் பதிலுக்குள் ஒரு பொய் இருக்கிறது. அதனால் சொல்லவில்லை.

ஹோட்டலைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. என் மனுசன் ஊரிலேயே காலமாகிவிட்டார். எண்பதுகளின் நடுவில் பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலிவு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் செய்தேன். ஒரு ஷிப்டுக்குப் பதினாறு அறை. விமானம் இறங்கும்போதெல்லாம் குளியலறைக் கண்ணாடி நடுங்கும். படுக்கை விரிப்பின் மூலையைக் கடித உறை போல மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். கட்டிலுக்குக் கீழே முழங்காலில் இருந்து பார்க்க வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் சவுத்தாலிலிருந்து வருகிற பஞ்சாபிக்காரி. அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு நடக்கும். ஒருநாள் குளியல் தொட்டியிலிருந்து ஒரு தலைமயிரைத் தூக்கிக் காட்டினாள்.

"இது யாருடையது? மஞ்சள் என்றால் நீ பார்க்கவில்லை. கறுப்பு என்றால் நீ தலையைக் கட்டவில்லை. எப்படிப் பார்த்தாலும் பிழை உன்னுடையது."

அன்றைக்குப் பிறகு என் அறைகளில் அவள் ஒரு மயிரும் எடுக்கவில்லை. புதிதாக வருகிற பெண்களை என் அறைக்குக் கூட்டிவந்து, "இதைப் பார், பார்த்துவிட்டுப் போய் உன்னுடையதைப் பார்" என்பாள். எத்தனையோ ஆயிரம் கட்டில் விரித்திருக்கிறேன். எனக்கென்று இன்னொருவர் விரித்த படுக்கையில் அதுவரை நான் ஒருநாளும் படுத்ததில்லை. அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். கடைசி மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

"அம்மா, எனக்கு ஒருத்தரைக் கலியாணம் செய்ய விருப்பம்."

"எந்த ஊர்?"

"ஜப்பான்."

"ஜப்பானிலை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"எங்கடை ஆக்கள் இல்லை அம்மா. ஜப்பான்காரர்."

கையில் ஒட்டிய மாவை உரசி உதிர்த்தேன். பிறகு "தண்ணி கொதிக்குது, அடுப்பைக் குறை" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெடியன் அவளோடு லண்டனில் ஒரே கல்லூரியில் படித்தவன். இங்கேயே எஞ்சினியர் வேலை. ஒருநாள் வீட்டுக்கு வந்தான். புட்டும் சம்பலும் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டு, கோப்பையைத் தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் கஷ்டம். கூடாத பிள்ளை என்றால் அன்றைக்கே கதையை முடித்திருப்பேன்.

அவனுடைய தாய் ஜப்பானில் ஒரு விடுதி நடத்துகிறாள் என்று மகள் சொன்னாள். விடுதி என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும்: முழங்கால், துடைக்கிற துணி, பிறர் படுத்த விரிப்பு. நான் விரித்த கட்டில்கள்தான் இவளைப் படிப்பித்தன. இவளும் போய்க் கட்டில் விரிப்பதா? இதை நான் மகளிடம் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவளே வந்தாள்.

"ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. பார்த்திட்டு நீங்கள் வேண்டாம் எண்டால் நான் செய்யேல்லை. ஆனால் பிறகு வேறை ஒருத்தரையும் கொண்டுவரக் கூடாது."

"வாறன். எங்கை தங்கிறது?"

"அவையின்ரை விடுதியிலைதான். மலைக்கு மேலை. நிலத்துக்குள்ளையிருந்து சுடுதண்ணி வருமாம்."

"ஸ்டேஷனுக்குக் கிட்ட ஹோட்டல் ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. சின்ன ஹோட்டல்."

"அதைப் போடு."

அவளுக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. சம்பந்தம் பேசுகிற வீட்டில் மனம் ஒப்பும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டோம். குடித்தால் ஓம் என்று சொன்னதாகும். பலகாரம் கொண்டு போனாலும் அதே கருத்துத்தான். அதனால் பயற்றம் பணியாரம் சுடாமல், விமான நிலையக் கடையில் ஒரு பிஸ்கட் டின் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். "பிஸ்கட் டின்னோ?" என்று மகள் கேட்டாள். "ஓம், டின்" என்றேன்.

அந்த ஊர் ஸ்டேஷனடி ஹோட்டலில் எங்கள் அறை, லண்டனில் நாங்கள் கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற அறையளவு இருந்தது. இரண்டு ஒடுங்கிய கட்டில், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். குளியலறை முழுவதும் ஒரே பிளாஸ்டிக்கில் வார்த்தது, ஒரு மூட்டு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. நான் கோட்டைக் கழற்ற முன்னமே கதவு நிலையின் மேல்பக்கத்தை விரலால் தடவினேன். தூசு இல்லை. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். இல்லை. தொட்டியின் வாயைப் பார்த்தேன். இல்லை. விரிப்பின் மூலையைத் தூக்கினேன். என் மூலை! அதே கடித உறை மடிப்பு.

"அம்மா, நீங்கள் லீவிலை வந்திருக்கிறியள்" என்றாள் மகள்.

"எனக்குத்தான் லீவு. கண்ணுக்கு லீவில்லை."

மலிவு ஹோட்டலில் இவ்வளவு சுத்தம் இருக்கலாம் என்று நான் நம்பியிருக்கமாட்டேன். வெந்நீர்ப் போத்தல், மடித்து வைத்த இரவு உடுப்பு, இரண்டு சோடிச் செருப்பு. செய்தவள் யாரென்று தெரியவில்லை. அவளும் என்னைக் காணவில்லை. சாவி தந்தவன் ஒருதரம் குனிந்தான், பிறகு எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் நான் கடமைப்பட்டவள் இல்லை. காலையில் கீழே போய் வாட்டி வெண்ணெய் பூசிய இரண்டு பாண் துண்டும் முட்டையும் சாப்பிட்டேன். என் கட்டிலை நானே விரித்துவிட்டுத்தான் அறையைப் பூட்டினேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்களுக்கு முன்னமே ஊருக்குப் போயிருந்த பெடியன் காரில் வந்து எங்களை மலைக்கு மேலே கூட்டிப்போனான். விடுதி என்றதும் நான் மாடிக் கட்டடம் ஒன்றை எதிர்பார்த்தேன். மரத்தால் கட்டிய கறுத்துப்போன வீடு ஒன்று இருந்தது. வாசல் கல்லில் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே உயர்ந்த மரத்தரையில் பெடியனின் தாய் முழங்காலில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். நரைத்த தலையை இறுக்கி முடிந்து, சாம்பல் நிறக் கிமோனோ உடுத்தியிருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி நிலத்தில் முட்டும்வரை குனிந்தாள்.

மற்றவர்களுக்காக எத்தனையோ வருடம் முழங்காலில் இருந்தவள் நான். எனக்கு முன்னால் ஒரு ஆள் முழங்காலில் இருந்து அன்றைக்குத்தான் கண்டேன். கையைக் கூப்பினேன். அது போதாது போலிருந்தது. சப்பாத்தைக் கழற்றி மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால், என் சப்பாத்துகள் வாசலைப் பார்த்துத் திரும்பி, சோடியாக நிற்கின்றன. யார் திருப்பினார்கள், எப்போது திருப்பினார்கள் என்று நான் காணவில்லை. அப்போதே பத்து வருடம் இந்தத் தொழில் செய்திருந்த என் கண்ணுக்கே தெரியவில்லை!

எங்களை இருத்திய அறையில் கட்டில் இல்லை, கதிரை இல்லை. கோரைப்பாயையே தரையாக வைத்து இறுக்கித் தைத்த மாதிரி இருந்தது. ஒரு பூ, ஒரு தாழ்ந்த மேசை, அவ்வளவுதான். கட்டிலுக்கு வந்ததைத்தான் நான் முன்னேற்றம் என்று நினைத்திருந்தேன். அந்த வெறும் அறையில் இருக்க, எங்கள் ஹோட்டல் அறைகளில் தேவையில்லாமல் எத்தனை சாமான் அடைத்திருக்கிறோம், அத்தனையையும் நான் துடைத்திருக்கிறேனே என்று பட்டது.

தாய் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பெடியனும் பார்த்தான். நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நான் இண்டைக்கு விரதம் எண்டு சொல்லு. பொழுதுபடும்வரை தண்ணியும் குடிக்கிறதில்லை எண்டு சொல்லு."

மகள் பல்லுக்குள்ளே சொன்னாள்: "காலமை ரெண்டு பாணும் முட்டையும் விரதத்துக்கோ போனது?"

"சொல்லு எண்டால் சொல்லு."

அவள் இங்கிலீசில் பெடியனுக்குச் சொன்னாள். அவன் தாய்க்குச் சொன்னான். அவள் முகம் கோணும், அப்போது எனக்கும் வேண்டாம் என்று சொல்ல லேசாகிவிடும் என்று பார்த்திருந்தேன். கோணவில்லை. அவள் தலையைக் குனிந்து ஏதோ சொல்லி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். என்னுடையதை மட்டுமல்ல, தனக்கு வைத்ததையும் எடுத்துக்கொண்டு போனாள். பதிலுக்குச் சூடான ஈரத்துவாய் ஒன்று கொண்டுவந்து தந்தாள். கையைத் துடைத்தேன். துவாயை வாங்கக் கூடாது என்று எங்கள் முறையில் இல்லை.

ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்புவதென்று நினைத்திருந்தேன். ஆனால் என் வேலையைப் பற்றி மகள் அவர்களுக்கு முன்னமே சொல்லியிருக்கிறாள். "உங்களுக்கு வீட்டைக் காட்ட அம்மாவுக்கு விருப்பமாம்" என்று எனக்கு விளங்குகிற இங்கிலீசில் சொன்னான் பெடியன். விடுதி பார்ப்பதற்கு விரதம் தடையில்லையே, போனேன்.

அப்பா! அந்த வீட்டில் நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. மரத்தரையைத் துணியால் துடைக்கிறார்கள், அதுவும் குனிந்து, மரத்தின் வரி போகிற பக்கமாக மட்டும். கடதாசிக் கதவில் விரல் நுனியளவு கிழிசலுக்குப் பூ வடிவில் கடதாசி வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒட்டுப் போட்டதையே அலங்காரமாக்கியிருக்கிறார்கள். குளிக்கிற இடத்தில் மலைத்தண்ணீர் ஆவி பறக்க வந்து விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் ஒன்றாக உடுப்பில்லாமல் குளிப்பார்களாம். "நீ வேணுமெண்டால் குளி, என்னைக் கேளாதை" என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

பின்னேரம் விருந்தாளிகள் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனதும் படுக்கை விரிக்கிற நேரம். ஒரு அறைக்குள் என்னைக் கூட்டிப்போய், சுவரோடு இருந்த அலுமாரியைத் திறந்தாள் தாய். உள்ளே மெத்தைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றை இறக்கினாள். விரித்தாள். விரிப்பை உதறினாள். ஒரே உதறல், மேகம் இறங்கின மாதிரி இறங்கியது. மற்றப் பக்கம் போய் இழுக்க ஆளில்லை. என் கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் முழங்காலில் இருந்து மற்ற முனையைப் பிடித்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மூலையை என் முறையில் மடித்துச் செருகினேன். அவள் ஊர்ந்து வந்து அதைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். தட்டிப் பார்த்தாள். "ஹோ" என்றாள். பிறகு தன் மூலையைக் கழற்றி, என் முறையில் மடித்துப் பார்த்தாள். பிசகியது. நான் சிரித்துவிட்டேன். அவளும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டு கிழவிகளும், அப்போது கிழவிகள் இல்லை, ஐம்பது கடந்தவர்கள், நாலு அறை சேர்ந்து விரித்தோம். பேச்சில்லை. நான் விரிப்பை நீட்டினால் அவள் பிடிக்கிறாள். அவள் தலையணையை எறிந்தால் நான் வைக்கிறேன். ஹவுன்ஸ்லோவில் எனக்கு அப்படி ஒரு சோடி ஒருநாளும் அமையவில்லை.

கடைசி அறையில் பெடியனைக் கூப்பிட்டேன். மகளும் வந்து நின்றாள். நெஞ்சில் இருந்ததை என் இங்கிலீசில் அவனிடமே கேட்டுவிட்டேன்.

"தம்பி, உங்கடை அம்மாட்டைக் கேளுங்கோ. என்ரை பிள்ளை இந்த வீட்டுக்கு வந்தால் அவளும் இந்த வேலைதான் செய்யவேணுமோ?"

மகள் "அம்மா!" என்றாள். பெடியனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் கேட்டான். தாய் சிரிக்கவில்லை. விரிப்பைத் தடவிக்கொண்டே மெதுவாகப் பதில் சொன்னாள்.

பெடியன் சொன்னான்: "விடுதி என் அக்காவுக்கு என்று முடிவாகிவிட்டதாம். உங்கள் மகள் இங்கே வந்தால் விருந்தாளியாம். ஆனால்..." கொஞ்சம் தயங்கினான். "இவ்வளவு நல்லாக விரிக்கிற தாயிடம் அவள் ஒன்றும் பழகவில்லை என்றால் அது நட்டம் என்கிறா."

நான் மகளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். என் வேலையைப் பிள்ளைகளுக்கு மறைக்கவேண்டிய ஒன்றாகவே நான் வைத்திருந்தேன். அதை ஒருத்தி சொத்து என்கிறாள்.

அப்போதுதான் கவனித்தேன், தாய் எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, அவவுக்குச் சுகமில்லையோ?"

மகள் பெடியனைக் கேட்டு, என்னிடம் திரும்பினாள். குரலில் குத்தல் இருந்தது. "அவ காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை அம்மா. வெள்ளாப்பிலை எழும்பினவ. உங்களோடை இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுச் சாப்பிடுவம் எண்டு இருந்தவவாம். நீங்கள் விரதம் எண்டதும், வந்த ஆள் பட்டினி இருக்க நான் எப்பிடிச் சாப்பிடுறது எண்டு விட்டிட்டா. தண்ணியும் குடிக்கேல்லை."

அவள் அத்தனை விருந்தாளிகளுக்கும் தட்டம் தட்டமாகச் சாப்பாடு அனுப்பியதை நான் கண்ணால் கண்டவள். அந்த வாசத்துக்குள்ளே நின்று, என் பொய்க்காக ஒருத்தி பசி கிடந்திருக்கிறாள். என் வயிற்றில் பாணும் முட்டையும் இருந்தன. நான் கூனிக்குறுகிப்போனேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பொழுதுபட நேரம் இருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் அவளும் பட்டினி இருப்பாள். நான் தண்ணீர் கேட்டால் அது ஓம். மகளுக்கும் அது தெரியும்.

"பிள்ளை, எனக்கு ஒரு கிண்ணம் தண்ணி தரச் சொல்லு. பிறகு ஒரு வாய் சோறும்."

"அம்மா, பொழுதுபடேல்லை" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"லண்டனிலை இப்ப என்ன நேரமோ ஆருக்குத் தெரியும்? கொண்டுவரச் சொல்லு."

சோறு வந்தது. மீன் போடாத குழம்பு, கடல்பாசியில் அவித்த தண்ணீர் என்றான் பெடியன். விரதத்துக்கு ஆகுமா என்று தாய் அவனை மூன்று தரம் கேட்டுச் சமைப்பித்திருக்கிறாள். எனக்கு முன்னால் குச்சிகளுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியும் இருந்தது. நான் முதல் வாய் வைத்து விழுங்கும்வரை அவள் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. விழுங்கினேன். அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அந்தத் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஸ்டேஷனடி ஹோட்டலுக்கு நாங்கள் திரும்பவில்லை. எனக்குப் படுக்கை விரித்தது அவள்தான். மூலையை என் முறையில் மடித்திருந்தாள், இந்தமுறை பிசகவில்லை. காலையில் எழும்பி, கண்டு பழகியபடி மெத்தையை மடித்து அலுமாரிக்குள் அடுக்கினேன். அவள் வந்து குனிந்து வணங்கினாள். அலுமாரியைத் திறந்தாள். என் மெத்தையை வெளியே எடுத்து, திரும்ப மடித்து வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. நான் மடித்ததையா! பிறகு சிரிப்பு வந்தது. எங்கள் பஞ்சாபிக்காரியும் இப்படித்தானே. என்னை அந்நிய ஆளாக நினைத்திருந்தால் நான் போகும்வரை பொறுத்திருப்பாள்.

லண்டனுக்குத் திரும்பிய முதல் கிழமை, அறைகளில் விருந்தாளிகளின் சப்பாத்துகளைக் கதவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். யாரோ என் சப்பாத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் முறைப்பாடு செய்தார். "உனக்கு என்ன பிசாசு பிடித்தது?" என்றாள் சூப்பர்வைசர். அடுத்த வருடம் மகளுக்குக் கலியாணம் நடந்தது. இரண்டாம் முறை போகும்போது பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுபோனேன்.

இப்போது கேட்கிறவர்களுக்கு முழுப் பதில். உங்களை ஒருவரும் பார்க்கக் கூடாது என்றால் ஹோட்டலுக்குப் போங்கள். சுத்தத்தில் குறை காணமாட்டீர்கள், நான் தேடிப் பார்த்தவள். பழைய விடுதி அப்படியல்ல. நீங்கள் வாயில் வைத்ததையும் வைக்காததையும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே போனால் உண்மை சொல்லுங்கள்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"அம்மம்மா, அப்ப அந்த விரதம் பொய்யோ?"

"பொய்தான். எழுது."

"அப்பம்மா இப்பவும் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடுறேல்லை. லண்டன் சம்பந்திக்கு வெள்ளிக்கிழமை விரதம், அதாலை நானும் இருக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொல்லுறவா."

அது எனக்குத் தெரியும். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, வெட்கத்தில், நானும் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிடுவதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, நான் சொன்ன ஒரு பொய்க்கு உலகத்தின் இரண்டு பக்கத்தில் இரண்டு கிழவிகள் பட்டினி கிடக்கிறோம். இனி அவளை விடுவிக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

"நீதான் அப்பம்மாவின்ரை பாஷையிலை ரெலிபோனிலை சொல்லவேணும். வெள்ளிக்கிழமை வேண்டாம், பசியோடை இருப்பா. சனிக்கிழமை, அவ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சொல்லு. இப்ப முதல் எனக்கு வாசி பிள்ளை. ஆறுதலா, முதலிலையிருந்து வாசி. பாணையும் முட்டையையும் விட்டிட்டாயோ எண்டு பார்ப்பம்."